1/35 வி-2 ராக்கெட் கிட்: பிளாஸ்டிக் அருமை, கூட வந்த கதைத்தாள் மோசம்

மொதல்ல விலைய சொல்லிடறேன், இல்லாட்டி எல்லாரும் கடைசில அதையேதான் கேப்பீங்க. கிட்டு (நிஜ ராக்கெட்ல 35ல ஒரு பங்கு சைஸ்ல நாமளே ஒட்டிக் கட்டற பிளாஸ்டிக் மாடல்), ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் சேத்தி 6,800 ரூவா. பெட்டி ஒரு மூலைல நசுங்கி வந்துச்சு, உள்ள ஒண்ணும் உடையல, அதனால சண்டைக்குப் போகல. கம்பெனி பேரு போட மாட்டேங்க. நான் முன்னாடி இதே ராக்கெட்ட வேற ரெண்டு கம்பெனி கிட்ல சின்ன சைஸ்ல கட்டியிருக்கேன், அதுலயும் இதே கதைதான், அதனால ஒருத்தன மட்டும் புடிச்சு திட்டறதுல அர்த்தமில்ல.

நான் கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல 19 வருஷமா இருக்கேன். பகல் முழுக்க வெர்னியரும் ஃபீலர் கேஜும், ராத்திரி பத்து மணிக்கு மேல பிளாஸ்டிக்கும் உப்புத்தாளும், அதாவது ரெண்டு நேரமும் ஒரே வேலைதான், சம்பளம் மட்டும் பகலுக்கு. வி-2 மேல எனக்கு கிறுக்கு புடிச்சது பள்ளிக்கூடத்துல. கலாம் சார் தன்னோட சுயசரிதைல, வெர்னர் வான் பிரவுன் இந்தியா வந்தப்ப மெட்ராஸ்ல இருந்து தும்பாவுக்கு அவரோட ஒண்ணா விமானத்துல போனத எழுதியிருக்காருல்ல, அவ்ளோ பெரிய மனுசன் ஏதோ ராக்கெட் படிக்கற மாணவன் மாதிரி இவர் சொல்றதக் கேட்டுக்கிட்டு வந்தார்னு, அத நான் எத்தன தடவ படிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. நம்ம ராமேஸ்வரத்துக்காரர் பக்கத்துல நிலாவுக்கு ராக்கெட் விட்ட ஆளு உக்காந்திருக்காரு, அந்த வயசுல எனக்கு வேற என்ன வேணும். வி-2னா ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனிக்காரன் லண்டன் மேல விட்ட ஏவுகணை, அத செஞ்ச கூட்டத்துக்குத் தலைவரு இவருதான்னும் தெரியும், ஆனா அது எங்கயோ வரலாற்றுப் பாடத்துல இருந்த மாதிரி இருந்துச்சு, வான் பிரவுன் சயின்ஸ் பாடத்துல இருந்தாரு. ரெண்டையும் ஒரே பெஞ்சுல உக்கார வெக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

சரி, பிளாஸ்டிக்குக்கு வரேன். நிஜ ராக்கெட் 14 மீட்டர் உயரம், 1.65 மீட்டர் குண்டு, கீழ நாலு ரெக்கை. 1/35ல சரியா 40 சென்டிமீட்டர் வரணும், என்னோடது 40.1, மூக்கு நுனில பெயிண்ட் கொஞ்சம் தடிப்பு, அது என் தப்பு. ரெக்கைக்கு ரெக்கை 3.56 மீட்டர், கிட்ல 10.2 சென்டிமீட்டர், அதுவும் சரி. உடம்பு ரெண்டு பாதியா வருது, நீளவாக்குல ஒட்டணும், இங்கதான் எல்லா வி-2 கிட்டும் மண்ணக் கவ்வும், ஏன்னா இந்த ராக்கெட்டுக்கு எங்கயுமே நேர்கோடு கிடையாது, மேல இருந்து கீழ வரைக்கும் வளைவுதான், ஒட்டுன எடத்துல ஒரு மயிரிழை படி இருந்தாலும் லைட் பட்டதும் காட்டிக் குடுத்துரும். இதுல நடுவயித்துல 0.3 மில்லிமீட்டர் படி இருந்துச்சு, புட்டி போட்டு, காய வெச்சு, 400, 800, 1500னு உப்புத்தாள் மாத்தி மாத்தி தேச்சு, மறுபடி பிரைமர் அடிச்சுப் பாத்தா இன்னும் லேசா கோடு தெரியுது, மறுபடி தேய். மூணு ராத்திரி போச்சு.

இஞ்சின பத்தி தனியா சொல்லியே ஆகணும், பம்புக்காரனா இருந்துட்டு அத விட முடியுமா. எரி அறை தலைல 18 கிண்ணம் கவுத்து வெச்ச மாதிரி இருக்கும், அந்த 18லயும் சின்னச் சின்ன ஓட்டை வரைக்கும் அச்சுல வார்த்திருக்கான், பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன், மலைச்சுட்டேன். அந்த 18 கிண்ண ஐடியா வால்டர் தீல்னு ஒரு இஞ்சினியரோடது, எரிபொருளப் பீச்சற இஞ்செக்டர பெருசா ஒண்ணா பண்ணா எரியறது ஒழுங்கா வரல, அதனால ஏற்கெனவே வேலை செஞ்ச சின்ன தலைகள 18 சேத்துட்டாங்க. அதுக்கு மேல டர்போ பம்பு. 75 சதவீத ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் சேத்து எட்டு டன்னுக்கு மேல, அத ஒரு நிமிஷம் சொச்சத்துல காலி பண்ணணும், பம்ப சுத்தறதுக்கு ஹைட்ரஜன் பெராக்சைட உடைச்சு வர்ற நீராவி. இந்த மாதிரி பம்பு உலகத்துலயே இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டு வான் பிரவுன் பம்பு கம்பெனிக்காரங்ககிட்ட போய் நின்னாராம், அவங்க கேட்டுட்டு, இது தீயணைப்பு வண்டி பம்பு மாதிரிதானேன்னு சொன்னாங்களாம். இதப் படிச்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோசம், எங்க ஃபவுண்டரில மேஸ்திரி ஒருத்தர் இருக்காரு, அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு. தீல் 1943 ஆகஸ்ட்ல வி-2 சோதனை நடந்த பேனமுண்ட மேல பிரிட்டிஷ்காரன் குண்டு போட்ட ராத்திரி பொண்டாட்டி புள்ளைங்களோட செத்துப் போனாரு. அதே ராத்திரி பக்கத்துல அடிமைத் தொழிலாளிங்க முகாம் மேலயும் குண்டு விழுந்து நெறையப் பேரு செத்தாங்க. தீல் பேரு எல்லா ராக்கெட் புஸ்தகத்துலயும் இருக்கு.

பின்னாடி நாலு கிராஃபைட் துடுப்பு இருக்கு, நெருப்புக்குள்ளயே நின்னு ராக்கெட்டத் திருப்பறது அதுதான். கிட்ல ஒவ்வொண்ணும் அரிசி சைஸ். ஒண்ணு நிப்பர்ல இருந்து தெறிச்சு காணாமப் போய், ரெண்டு நாள் கழிச்சு என் கால்ல குத்தி கெடைச்சுது.

இப்ப கதைத்தாளுக்கு வர்றேன். பெட்டிக்குள்ள எட்டுப் பக்கம் செய்முறை, கடைசிப் பக்கம் வரலாறு. அழகான பேப்பர். 1942 அக்டோபர் 3 பேனமுண்டல மொத வெற்றி, 80 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல போச்சு, சரி. 1944 ஜூன்ல செங்குத்தா விட்டு 170 கிலோமீட்டரையும் தாண்டுனதால மனுசன் செஞ்சதுல விண்வெளிக்குப் போன மொத பொருள் இதுதான், சரி. 1944 செப்டம்பர் 8 பாரிஸ், லண்டன் மேல தாக்குதல், சரி. அப்பறம் ஒரு வரி, குண்டுவீச்சுக்கு அப்பறம் உற்பத்தி பூமிக்கடில இருந்த தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது, அங்க கிட்டத்தட்ட 6000 ராக்கெட் தயாரிக்கப்பட்டது. அவ்ளோதான். அடுத்த வரில அமெரிக்கா வந்துருது, 1946ல வி-2ல கேமரா வெச்சு பூமிய மேல இருந்து போட்டோ எடுத்தது, சாட்டர்ன் 5, நிலா, முடிஞ்சுது.

மாற்றப்பட்டது, தயாரிக்கப்பட்டது. யாரால? இந்த 'பட்டது'ங்கற வாலு இருக்கே, அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச வாலு, பின்னாடி சொல்றேன்.

அந்த தொழிற்சாலை பேரு மிட்டல்வெர்க், ஜெர்மனில நார்ட்ஹவுசன் ஊருக்குப் பக்கத்துல கோன்ஸ்டைன்னு ஒரு மலை, அதக் கொடஞ்சு ரெண்டு பெரிய சுரங்கம், ஏணிப்படி மாதிரி குறுக்க நாப்பது சொச்சம் அறை. சுரங்கம் ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், 1/35ல செஞ்சாக்கூட அம்பது மீட்டருக்கு மேல வரும், எங்க தெரு பத்தாது. அங்க வேல செஞ்சது டோரா வதைமுகாம் கைதிங்க. 1943 ஆகஸ்ட் கடைசில புகென்வால்ட்ங்கற இன்னொரு வதைமுகாம்ல இருந்து மொதக் கூட்டத்தக் கொண்டாந்தாங்க, அப்ப வெளிய கொட்டாயே கெடையாது, குறுக்கு அறைக்குள்ள நாலு அடுக்குக் கட்டில், அங்கயே தூக்கம், பக்கத்துலயே பாறைக்கு வெடி வெக்கறது, பீப்பாய ரெண்டா வெட்டி வெச்சதுதான் கக்கூசு, மாசக்கணக்குல வெயில்ங்கறதயே பாக்கல. 1944 வசந்த காலத்துலதான் வெளிய கொட்டாய் கட்டி முடிஞ்சுது. ரஷ்யாக்காரங்க, போலந்துக்காரங்க, பிரெஞ்சுக்காரங்கன்னு மொத்தம் 60,000 பேரு மாதிரி அந்த முகாமுக்கும் அதோட கிளைகளுக்கும் வந்தாங்க, அதுல கிட்டத்தட்ட 20,000 பேரு செத்தாங்க. எல்லாரும் ராக்கெட் மேசைல சாகல, தோண்டறதுல, கிளை முகாம்ல, கடைசியா முகாமக் காலி பண்ணி ஓட்டிக்கிட்டுப் போனப்ப வழிலன்னு எல்லாம் சேந்த கணக்கு. லண்டன்ல இந்த ராக்கெட்டால செத்தவங்க 2,700 பேரு, பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப்ல 1944 டிசம்பர்ல ஒரே ஒரு ராக்கெட் சினிமா தியேட்டர் மேல விழுந்து 567 பேரு. சத்தத்தவிட வேகமா வர்ற சாமான், செத்தவங்க காதுல அது வந்த சத்தம் விழுந்திருக்கவே விழுந்திருக்காது. ஆனா எல்லாத்தையும் கூட்டிப் பாத்தாலும் இது விழுந்து செத்தவங்கள விட இத செய்யறதுக்காக செத்தவங்கதான் ஜாஸ்தி. வேற எந்த ஆயுதத்துக்காவது இப்படி ஒரு கணக்கு இருக்கான்னு யோசிச்சுப் பாத்தேன், எனக்கு எதுவும் ஞாபகம் வரல.

அதுலயும் குவாலிட்டிக்காரனா எனக்கு ஒண்ணு தொண்டைல சிக்கிக்கிச்சு. ஸ்க்ரூவ முழுசா முறுக்காம விடறது, வெல்டிங்க மேலாப்ல பண்றதுன்னு கைதிங்க வேணும்னே கெடுத்து விட்டதா பொழச்சு வந்தவங்க சொல்லியிருக்காங்க. மாட்டுனா தூக்கு. 1945 மார்ச்ல ராக்கெட் பாகத்தத் தூக்கற அதே கிரேன்ல வரிசையா மாட்டித் தொங்க விட்டாங்க, மத்தவங்க அதக் கடந்துதான் வேலைக்குப் போகணும். நான் தெனமும் ரிஜெக்ட் சீட்டு எழுதறவன். சிவப்பு சீட்டு ஒட்டுனா அந்த லாட் திரும்பிப் போகும், யாரோ ஒருத்தன் சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குவான். அங்க ஒரு இன்ஸ்பெக்டர் சிவப்பு சீட்டு ஒட்டுனா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுக்கிட்டே அன்னைக்கு டியூட்டில ஒரு மணி நேரம் ஒரு சீட்டும் எழுதல, பேனாவ வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

வான் பிரவுனுக்கு இதெல்லாம் தெரியுமா தெரியாதா, குற்ற உணர்ச்சி இருந்துச்சா இல்லையாங்கறது ஹாபி குரூப்ல வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற சண்டை. தெரியும். அதுல சந்தேகமே வேண்டாம். அவரே பின்னாடி ஒத்துக்கிட்டாரு, அந்த சுரங்கத்துக்கு பல தடவ போனேன், நெலம கொடுமையா இருந்துச்சுன்னு. ஒரு காவல்காரன்கிட்ட பேசிப் பாத்ததாவும், உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ, இல்லாட்டி உனக்கும் இதே கோடு போட்ட சட்டதான்னு அவன் மெரட்டுனதாவும் சொல்லியிருக்காரு. இருக்கலாம். 1944 மார்ச்ல ஹிட்லரோட ரகசிய போலீஸ் கெஸ்டபோ அவரையே புடிச்சு ரெண்டு வாரம் உள்ள வெச்சுது, ஆயுதத்த விட்டுட்டு விண்வெளிக் கப்பல் கனவு காண்றான், போர் தோத்துரும்னு பேசறான்னு. அதனால பயம் இருந்துச்சுன்னா நான் நம்பறேன், எனக்கு எங்க ஜிஎம்மப் பாத்தாலே பயம், முகாம நடத்துன எஸ்எஸ் படையப் பாத்து பயப்படாம இருக்க நான் யாரு. அவரும் எஸ்எஸ்லதான் மேஜருக்கு சமமான பதவில இருந்தாருங்கறது தனி விசயம்.

ஆனா ஒரு லெட்டர் இருக்குங்க. 1944 ஆகஸ்ட் 15. ஜெயில்ல இருந்து வந்து அஞ்சு மாசம் கூட ஆகல. மிட்டல்வெர்க்ல உற்பத்திய கவனிச்ச சவாட்ஸ்கிங்கற ஆளுக்கு வான் பிரவுன் எழுதறாரு: நான் புகென்வால்டுக்குப் போனேன், தொழில் தெரிஞ்ச கைதிங்களத் தேடிப் பாத்தேன், அவங்கள உங்ககிட்ட மாத்தி விட முகாம் கமாண்டன்ட்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணிட்டேன். அதாவது ஆள் எடுக்கப் போயிருக்காரு. நாங்க ஐடிஐக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போவோமே, அந்த மாதிரி. இதுல யாரும் அவரக் கழுத்தப் புடிச்சுத் தள்ளுன மாதிரி தெரியல, அவரே போயிருக்காரு, அவரே தேடியிருக்காரு, அவரே ஏற்பாடு பண்ணியிருக்காரு. இந்த லெட்டர்ல 'பட்டது' இல்ல பாருங்க, எல்லாம் 'நான்' தான்.

மறுபக்கமும் சொல்லணும். சார்ல் சாத்ரோன்னு ஒரு பிரெஞ்சு இயற்பியல் பேராசிரியர் டோராவுல கைதியா இருந்தாரு, வான் பிரவுன் அவரக் கூப்ட்டு மரியாதையா பேசி, என் லேபுக்கு வந்துருங்கன்னு கேட்டிருக்காரு, சாத்ரோன் முடியாதுன்னுட்டாரு. அந்த எடத்துல தன்ன மனுசனா நடத்துனது அவருதான்னு சாத்ரோனே பின்னாடி எழுதியிருக்காரு. இதப் படிச்சுட்டு நான் ரெண்டு நாள் கொழம்பிக் கெடந்தேன், அப்பறம் தோணுச்சு, கெட்டவனா இருந்தா கண்ணு தெரியாதுன்னு விட்டுடலாம், இவருக்கு நல்லாவே கண்ணு தெரிஞ்சிருக்கு. எதிர்ல நிக்கறது ஒரு பேராசிரியர், படிச்ச மனுசன்னு தெரியற அளவுக்குத் தெரிஞ்சிருக்கு.

போர் முடிஞ்சு 1945 மே 2 அமெரிக்காக்காரன்கிட்ட சரண்டர், அப்பறம் அமெரிக்க ராணுவத்துக்கு ராக்கெட் வேலை, ஃபோர்ட் பிளிஸ், 1950ல ஹன்ட்ஸ்வில், 1958 ஜனவரி 31 அமெரிக்காவோட மொத செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாதது 1969 பிப்ரவரி. டோரா காவல்காரங்க மேல ஜெர்மனில எஸ்ஸன் ஊர்ல கேஸ் நடக்குது, வான் பிரவுன சாட்சியா கேக்கணும், அவர் ஜெர்மனிக்குப் போகல, அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துல வெச்சு சாட்சி சொல்றாரு. அடிச்சதப் பாக்கல, தூக்குல போட்டதப் பாக்கல, செத்தவனப் பாக்கல. அஞ்சு மாசத்துல அப்பல்லோ 11 கெளம்புது. தூக்கு விசயத்துல அவர் சொன்னது நெசமாக்கூட இருக்கலாம், 1945 மார்ச்ல அவர் கார் ஆக்சிடென்ட்ல கை ஒடிஞ்சு கெடந்தாரு. ஆனா 1943 கடைசில அந்த சுரங்கத்துக்குப் போனவன் செத்த ஆளையே பாக்கலைன்னா, கண்ண எங்க வெச்சுக்கிட்டு நடந்திருப்பான்? அளவெடுக்கற வேலைல இருக்கறவனுக்குத் தெரியும், எதப் பாக்க வந்தமோ அது மட்டும்தான் கண்ணுல படும். ஆனா அந்த நாத்தம்? அதுக்குக் கண்ணு வேண்டியதில்லையே.

அவரோட வருத்தத்த நான் பொய்னு சொல்ல வரல. பின்னாடி பேசுனதெல்லாம் படிச்சா வருத்தம் இருக்கற மாதிரிதான் இருக்கு. ஆனா அந்த வருத்தம் எப்பவுமே தான் பாத்த ஒண்ணப் பத்தினதா இருக்கு, தான் செஞ்சதப் பத்தினதா இல்ல. மழை பேஞ்சு பக்கத்து வீடு இடிஞ்சு போச்சுன்னு நாம வருத்தப்படுவோமே, அந்த ரகம். 1977ல அவர் செத்தப்ப இதெல்லாம் பெருசா வெளிய தெரியல. மிட்டல்வெர்க்ல உற்பத்தி மேனேஜரா இருந்து பின்னாடி நிலாவுக்கு ஆளக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் திட்டத்தையே நடத்துன ஆர்தர் ருடால்ஃப்னு இன்னொருத்தர், அவர் மேல அமெரிக்க அரசாங்கமே விசாரணை போட்டு, 1984ல குடியுரிமைய விட்டுட்டு ஜெர்மனிக்குத் திரும்பிப் போனாரு, அதுக்கப்பறம்தான் பத்திரிகைங்க டோராவப் பத்தி உரக்கப் பேசுச்சு.

'பட்டது' பத்தி சொல்றேன்னேன்ல. பல வருஷம் முன்னாடி, இப்ப இருக்கற எடம் இல்ல, வேற ஒரு கம்பெனி. பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லர் லாட் ஒண்ணுல வார்ப்புல காத்துப் பொத்தல் இருந்துச்சு, மாசக் கடைசி, லாரி வெளிய நிக்குது, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். உடுமலைப் பக்கம் ஒரு விவசாயிக்கு பம்பு நின்னு, அந்தப் போக வெங்காயம் காஞ்சு போச்சு. உயிர்ச்சேதம் ஒண்ணும் இல்ல, டோராவோட இதச் சேத்துப் பேசறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு. ஆனா கம்ப்ளெயின்ட் ரிப்போர்ட்ல நான் என்ன எழுதுனேன் தெரியுங்களா, "பரிசோதனையின்போது குறைபாடு கவனிக்கப்படவில்லை". கவனிச்சேங்க. வெரலால தடவிப் பாத்தேன். அந்தக் குழி இன்னும் வெரல் நுனில இருக்கு. அந்த ஆள நான் நேர்ல போய்ப் பாக்கவும் இல்ல.

சரி விடுங்க, கிட்டுக்கு வருவோம். கூட அஞ்சு பொம்மை குடுத்திருக்கான், ஏவுதளத்து ஆளுங்க மூணு, ஒரு அதிகாரி, கைல அட்டை வெச்சுக்கிட்டு குறிப்பு எடுக்கற ஒருத்தன். ஒவ்வொண்ணும் 5 சென்டிமீட்டர், முகத்துல மூக்கு, சட்டைல பட்டன் வரைக்கும் தெரியுது, சிற்பம் செஞ்சவன் கைக்கு மோதிரம் போடலாம். பெட்டிக்கு அஞ்சு பொம்மைன்னா செத்த 20,000 பேருக்கு 4,000 பெட்டி வாங்கணும்னு ஒரு ராத்திரி மனசுல கணக்கு ஓடுச்சு, என் அலமாரில மொத்தமே 31 பெட்டிதான் இருக்கு. மூணு பேரு பெயிண்ட் அடிச்சு நிக்கறாங்க, அதிகாரியும் டப்பால தனியா கெடக்கறாரு. அட்டை வெச்சிருக்கறவன மட்டும் வெட்டவே இல்ல, இன்னும் ஃபிரேம்லயேதான் இருக்கான். எனக்கும் ஆபீஸ்ல அதே மாதிரி ஒரு அட்டை உண்டு, கிளிப்பு கூட அதே சைடு.

பெயிண்ட் அடிக்கறவங்களுக்கு ஒரு முக்கியமான விசயம். பெட்டி மேல போட்டிருக்கற கருப்பு வெள்ளை கட்டம் இருக்கே, அது பேனமுண்டல சோதனைக்கு விட்ட ராக்கெட்டுக்கு அடிச்சது, பறக்கறப்ப சுத்துதா இல்லையான்னு கேமராவுல பாக்கறதுக்காக. அந்த 1942 அக்டோபர் ராக்கெட்டுக்கு அடில பிறை நிலாவுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கற படம் வரைஞ்சிருந்தாங்க, அதோட டெக்கால், அதாவது ஒட்டற படம், கிட்ல இருக்கு, ரொம்ப அழகு, அரை இஞ்ச் கூட இல்ல, அதுல அந்தப் பொண்ணோட காலு தனியாத் தெரியுது. கட்டம் அடிக்கணும்னா மாஸ்கிங் டேப்புக்கே ஒரு நாள் ஆகும், அடிச்சு முடிச்சா கண்ணப் பறிக்கும், மியூசியங்கள்லயும் இந்த கட்டம் போட்டதத்தான் நெறைய பாப்பீங்க, வாஷிங்டன் மியூசியத்துலயும் ரொம்ப வருஷம் அதுதான் நின்னுச்சு. சுரங்கத்துல இருந்து வந்து நகரத்து மேல விழுந்தது எதுவும் கருப்பு வெள்ளை கெடையாது. மொதல்ல திட்டுத் திட்டா மறைப்பு நெறம், கடைசில சும்மா கரும்பச்சை, ஒரே கோட். நானும் கட்டம் அடிக்கலாம்னுதான் டேப்பெல்லாம் வாங்கி வெச்சிருந்தேன். அப்பறம் கரும்பச்சைய ஏர்பிரஷ்ல ஊத்தி இருவது நிமிஷத்துல அடிச்சு முடிச்சுட்டேன். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, பாக்டரி பைப்பு மாதிரி இருக்கு. வீட்ல பாத்துட்டு, "ஏனுங்க, இத்தன நாள் ராத்திரி தூங்காம தேச்சது இதுக்குத்தானுங்களா"ன்னு கேட்டா.

ஒண்ணு மட்டும் மறைக்க விரும்பல. கதையெல்லாம் படிச்சதுக்கு அப்பறமும் அந்த ஒட்டுக்கோட தேய்க்கறப்ப எனக்கு சொகமாத்தான் இருந்துச்சு. ராத்திரி ஒரு மணி, ஃபேன் சத்தம், உப்புத்தாளத் தண்ணில நனைச்சு தேச்சு, கட்டை வெரல ஓட்டிப் பாத்து, இப்ப படி இல்லைன்னு தெரியறப்ப ஒரு நிம்மதி வருதே, அது வந்துச்சு. அந்த நேரத்துல டோராவும் இல்ல, லண்டனும் இல்ல, 0.3 மில்லிமீட்டர் மட்டும்தான் இருந்துச்சு. வான் பிரவுனப் பத்தி இத்தன எழுதுனவன் இதையும் எழுதணும்.

மார்க் கேக்கறவங்களுக்கு: பிளாஸ்டிக் 5க்கு நாலரை, இஞ்சின் மட்டும் தனியா எடுத்தா அஞ்சு, டெக்கால் நாலு, செய்முறைல 14ஆவது படத்துல வலது எடது மாத்திப் போட்டிருக்கான், கவனிச்சுக்குங்க, கதைத்தாளுக்கு ஒண்ணு, அதுவும் பேப்பருக்காக. ராக்கெட்ட ஏத்தி எறக்கற டிரெய்லர் இதுல வராது, தனியா வாங்கணும். புதுசா ஹாபிக்கு வர்றவங்க இத மொதக் கிட்டா எடுக்காதீங்க, அந்த நடுவயித்துப் படில மனசு விட்டுருவீங்க. அனுபவம் இருக்கறவங்க தாராளமா வாங்கலாம்.

நிலாப் பொண்ணு டெக்கால் என்கிட்ட வெட்டாம அப்படியே இருக்கு, கருப்பு வெள்ளைக்கு வாங்குன 2 மில்லிமீட்டர் டேப்பும் ஒரு சுருள் பிரிக்காம கெடக்கு. யாராவது அந்த 1942 ராக்கெட்ட கட்டறவங்க இருந்தா சொல்லுங்க, கூரியர் காசு மட்டும் குடுத்தாப் போதும், அனுப்பி விடறேன்.